தகர வாளியில் துருசு கரைத்தேன், அடி சிவந்துபோச்சு. இதுதான் இடப்பெயர்ச்சி வினையா?

குலசேகரம் தோட்டத்துக்காரன்

இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னால் நல்லமிளகுக் கொடிக்குப் போர்டோ கலவை, அதாவது துருசும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து, அடிப்பது எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிற வேலை. இந்தத் தடவை பிளாஸ்டிக் டிரம் விரிசல் விட்டுப் போனதால், தொழுவத்தில் கிடந்த பழைய தகர வாளியை எடுத்து அரை கிலோ துருசை அதில் ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் நல்ல நீலமாக இருக்க வேண்டிய தண்ணீர் வெளிறிக் கிடக்கிறது. வாளியின் உள்பக்கம் முழுக்க செங்கல் பொடி அப்பின மாதிரி ஒரு படலம். விரலால் தேய்த்தால் கையோடு வருகிறது. சரி, அழுக்காக இருக்கும் என்று சுண்ணாம்புப் பாலோடு கலந்து அடித்தேன். நாசில் மூன்று தடவை அடைத்தது. அடுத்த நாள் வாளியில் தண்ணீர் பிடித்தால் அடி ஒழுகுகிறது.

மகள் பத்தாம் வகுப்பு. வாளியைப் பார்த்ததும் "அப்பா, இது ஒற்றை இடப்பெயர்ச்சி வினை, பரீட்சைக்கு வரும்" என்றாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டால் சமன்பாட்டை ஒப்பிக்கிறாள். ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அடித்த மருந்து பிடிக்குமா என்றும் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் உரக்கடை

அண்ணே, துருசுக்குத் தகரமும் இரும்பும் ஆகவே ஆகாது. பிளாஸ்டிக், மண்பானை, இல்லாவிட்டால் செம்புப் பாத்திரம். கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். காரணம் கேட்டால் எங்களுக்கும் "ஆகாது" என்பதுதான் தெரியும்.

தக்கலை டீச்சர்

முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு தகர வாளியை வைத்துக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துருசு, மயில்துத்தம், காப்பர் சல்பேட் எல்லாம் ஒன்றுதான். தண்ணீரில் கரைந்ததும் அது இரண்டாகப் பிரிந்துவிடும்: தாமிர அயனி தனி, சல்பேட் அயனி தனி. தாமிர அயனி என்றால் இரண்டு எலக்ட்ரானை இழந்து நிற்கும் தாமிர அணு. நீங்கள் பார்க்கிற நீல நிறம், தண்ணீர் சூழ நிற்கும் அந்தத் தாமிர அயனிகளின் நிறம்.

தகர வாளி என்று நாம் சொல்வது துத்தநாகம் பூசின இரும்பு. துத்தநாகம் தன் எலக்ட்ரான்களை எளிதாக விட்டுக்கொடுக்கிற உலோகம். தாமிரம் அப்படி இல்லை. அதன் அயனிக்கு எலக்ட்ரான் கிடைத்தால் வாங்கிக்கொண்டு மறுபடி உலோகமாகிவிடும். அதனால் கரைசலில் அலைகிற தாமிர அயனி வாளியின் சுவரைத் தொட்டதும் துத்தநாகத்திடமிருந்து இரண்டு எலக்ட்ரானை வாங்கி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. எலக்ட்ரானைக் கொடுத்த துத்தநாக அணு அயனியாகித் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. துத்தநாகம் தீர்ந்த இடத்தில் இரும்பும் இதையே செய்யும். நீங்கள் கையால் தேய்த்த செங்கல் பொடி அழுக்கு இல்லை. அது சுத்தமான தாமிரம். உங்கள் துருசில் இருந்து வந்த தாமிரம்.

வாளி ஏன் ஒழுகியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ துருசில் சுமார் 254 கிராம் தாமிரம் இருக்கும். அரை கிலோவில் 127 கிராம். அவ்வளவும் வெளியே வர வேண்டுமானால் ஏறக்குறைய 130 கிராம் துத்தநாகமோ 112 கிராம் இரும்போ கரைய வேண்டும். ஓர் இரவில் அத்தனையும் நடந்திருக்காது. ஆனால் பழைய வாளியின் அடி மெல்லிசாகி ஓட்டை விழ அதில் பாதி கூடத் தேவையில்லை.

மருந்து பற்றி: பூஞ்சையைத் தடுப்பது தாமிரம். அதில் ஒரு பகுதி வாளியிலேயே படிந்துவிட்டது, மீதியில் உதிர்ந்த துகள்தான் நாசிலை அடைத்தது. அடித்த கலவை வலுக்குறைந்தது. பிளாஸ்டிக்கில் புதிதாகக் கலந்து மறுபடி அடிப்பதுதான் நல்லது.

தேரேகால்புதூர் நண்பன்

அப்படியானால் இரும்பு தாமிரமாக மாறுகிறது என்று சொல்லலாமா டீச்சர்? எங்கள் தாத்தா ஓர் ஆணியைத் துருசுத் தண்ணீரில் முக்கிக் காட்டி "இரும்பைச் செம்பாக்கும் வித்தை" என்பார்.

தக்கலை டீச்சர்

இல்லை தம்பி. இரும்பு இரும்பாகவே இருக்கிறது, தண்ணீருக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். முதலில் தண்ணீரில் இருந்த தாமிரம் ஆணிமேல் வந்துவிட்டது. இடம் மாறுகிறதே தவிர இனம் மாறவில்லை. "இடப்பெயர்ச்சி" என்று அழகாகப் பெயர் வைத்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். ஆணியை நன்றாக நிறுத்துப் பார்த்தால் தெரியும்: 56 கிராம் இரும்பு இறங்கினால் 63.5 கிராம் தாமிரம் ஏறும். தாமிரம் உதிராமல் ஒட்டியிருந்தால் ஆணியின் எடை கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை "ஜோடி மாறுதல்" என்று சொல்லிக்கொடுப்பேன். பலசாலி வந்து பலவீனமானவரைத் தள்ளிவிட்டு சல்பேட்டின் கையைப் பிடித்துக்கொள்வது மாதிரி. பிள்ளைகள் சிரிப்பார்கள், மனதில் நிற்கும். ஆனால் விடைத்தாளில் "சல்பேட் தாமிரத்தை விட்டு இரும்புக்குப் போகிறது" என்று எழுதினார்கள். அது தப்பு. சல்பேட் எங்கேயும் போகவில்லை, அது வெறும் பார்வையாளர். முழு விஷயமும் உலோகத்துக்கும் அயனிக்கும் நடுவில் கைமாறுகிற இரண்டு எலக்ட்ரானில் இருக்கிறது. அன்றைக்கே அந்த உவமையை விட்டுவிட்டேன்.

குலசேகரம் தோட்டத்துக்காரன்

நன்றி டீச்சர். மகள் பக்கத்தில் இருந்து படிக்கிறாள். இனி அவளே எழுதுகிறாள்.

வணக்கம் டீச்சர். எனக்கு இரண்டு சந்தேகம். செம்புக் கம்பியை இரும்பு சல்பேட் கரைசலில் போட்டால் ஒன்றும் நடக்காது என்று புத்தகத்தில் இருக்கிறது. அது ஏன்? அப்புறம், வினைதிறன் வரிசையில் அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறது. அதனால் அது தாமிரத்தை இன்னும் வேகமாக வெளியேற்ற வேண்டும். நேற்று பரோட்டா பார்சலில் வந்த அலுமினியத் தாளைக் கழுவி, கொஞ்சம் துருசுத் தண்ணீரில் போட்டு வைத்தேன். நான்கு மணி நேரம் ஆகியும் ஒன்றுமே ஆகவில்லை. வரிசை தப்பா?

வடசேரி பட்டறை

பாப்பா, முதல் கேள்விக்கு எங்கள் வேலையில் இருந்தே பதில் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்து கோயில் நகை செய்கிறோம். வெள்ளியில் அடித்துத் தங்கத் தகடு பொதிந்து சிவப்புக் கல் பதிக்கிற வேலை. பட்டறையில் விழுகிற அராத்தூளில் தங்கமும் வெள்ளியும் கலந்து கிடக்கும். அதை நைட்ரிக் ஆசிட்டில் போட்டால் வெள்ளி கரையும், தங்கம் கரையாமல் அடியில் நிற்கும். வடித்தெடுத்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் வெள்ளி அத்தனையும் அதற்குள்தான்.

அதற்குள் ஒரு சுத்தமான செம்புத் தகட்டைத் தொங்க விடுவோம். கொஞ்ச நேரத்தில் தகட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி முளைக்கும். கிளை கிளையாக வளரும். தட்டினால் அடியில் உதிரும். அதுதான் வெள்ளி. தெளிவாக இருந்த தண்ணீர் மெல்ல நீலமாகும். ஒரு கிராம் செம்பு கரைந்தால் 3.4 கிராம் வெள்ளி இறங்கும். வெள்ளி முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு எடுத்து உப்புத் தண்ணீரில் விடுவோம். பால் மாதிரி திரிந்தால் இன்னும் வெள்ளி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியில் மிஞ்சுவது நீலத் தண்ணீர், அதாவது செம்பு கரைந்த தண்ணீர். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு வைத்தால் செம்பும் திரும்பி வரும். ஆக வெள்ளியைச் செம்பு இறக்கும், செம்பை இரும்பு இறக்கும். தலைகீழாக நடந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக் கம்பியைத் துருசுத் தண்ணீரில் போட்டால் போட்டபடியே கிடக்கும்.

(ஆசிட்டில் செந்நிறப் புகை வரும், நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

தக்கலை டீச்சர்

வடசேரி அண்ணன் எழுதினதை அப்படியே வகுப்பில் வாசிக்கலாம். பாடப்புத்தகத்தில் அட்டவணையாகப் போட்டிருக்கிற வரிசையை அவர் கைகள் தினமும் படிக்கின்றன.

மகளே, உன் முதல் சந்தேகம். தாமிரமும் இரும்பும் எலக்ட்ரானைக் கொடுக்கலாம், வாங்கலாம். யார் கொடுப்பார், யார் வாங்குவார் என்பதுதான் கேள்வி. உலோகத்தில் இருந்து அயனி உருவாக மூன்று காரியம் நடக்க வேண்டும்: அணு தன் கூட்டத்தை விட்டுப் பிரிய வேண்டும், எலக்ட்ரானை விட வேண்டும், அப்புறம் தண்ணீர் அந்த அயனியைச் சூழ்ந்து அணைக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆற்றல் செலவு, மூன்றாவதில் ஆற்றல் வரவு. இந்த வரவு செலவு இரும்புக்குச் சாதகமாகவும் தாமிரத்துக்குப் பாதகமாகவும் இருக்கிறது. அதனால் இரும்பு கரைந்து தாமிரம் படிந்தால் வெப்பம் வெளியே வருகிறது. எதிர்த்திசையில் தானாக நடக்க வழியில்லை. மேட்டில் இருந்து பள்ளத்துக்குத்தான் தண்ணீர் ஓடும். பேச்சிப்பாறையில் இருந்து கால்வாய் கீழே வருவது மாதிரி.

வினைதிறன் வரிசை என்பது யார் மேட்டில், யார் பள்ளத்தில் என்ற பட்டியல்: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், தாமிரம், வெள்ளி, தங்கம். ஹைட்ரஜன் உலோகம் இல்லாவிட்டாலும் நடுவில் நிற்கிறது. அதற்கு மேலே உள்ளவை நீர்த்த அமிலத்தில் குமிழி விடும், கீழே உள்ளவை விடாது. துருசுக் கரைசலே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளதுதான். அதனால் அப்பாவின் வாளியில் சின்னச் சின்னக் குமிழிகளும் வந்திருக்கும், இரவில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அலுமினியம் பற்றி நீ கேட்டது அருமையான கேள்வி. நான்கு மணி நேரம் காத்திருந்து பார்த்தாயே, அதுதான் வேதியியல். வரிசை தப்பில்லை. பதிலை நான் சொல்லவில்லை. அதே கண்ணாடி டம்ளரில் ஒரு கரண்டி கல்லுப்பைப் போட்டுக் கலக்கிப் பார். ஜன்னலைத் திறந்து வை, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், அப்பா கூட இருக்கட்டும். அந்த டம்ளரில் இனி யாரும் குடிக்கக் கூடாது.

நாகர்கோவில் டியூஷன்

இவ்வளவு ஆழம் தேவையா? பரீட்சையில் இது இரண்டு மதிப்பெண். சமன்பாடும் நிறமாற்றமும் எழுதினால் போதும். பிள்ளைகளுக்கு நேரம் இல்லை.

தக்கலை டீச்சர்

நேரம் இல்லை என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கு "நீலம் மறைந்து பச்சை வந்தது" என்பது வெறும் வரி. புரிந்த பிள்ளைக்கு அது தாமிரம் வெளியேறி இரும்பு உள்ளே வந்ததற்குச் சாட்சி. கேள்வியை மாற்றி, "மக்னீசியம் சல்பேட்டில் துத்தநாகத்தைப் போட்டால்?" என்று கேட்டால் முதல் பிள்ளை தடுமாறும். இரண்டாவது பிள்ளை ஒன்றும் நடக்காது என்று உடனே சொல்லிவிடும். மதிப்பெண் கணக்குப்படி பார்த்தாலும் புரிவதுதான் லாபம்.

இரணியல் தண்டவாளம்

நான் ரயில்வேயில் பாதை வேலை பார்க்கிறேன். இரண்டு தண்டவாளத்தை ஒட்டுவதற்கு நாங்கள் செய்கிற ஏ.டி. வெல்டும் இதே இடப்பெயர்ச்சிதான் என்று பயிற்சியில் சொன்னார்கள். பிளாக் (ரயில்களை நிறுத்தி வேலைக்குத் தரும் நேரம்) கிடைத்ததும் இடைவெளியைச் சுற்றி அச்சைக் கட்டி, தண்டவாள முனைகளைச் சிவக்கச் சூடாக்குவோம். மேலே மூசையில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும். பற்ற வைத்தால் சில நொடிதான், கண்ணால் நேரே பார்க்க முடியாது. அலுமினியம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, இரும்பு உருகி அச்சுக்குள் இறங்கும். வெப்பம் 2000 டிகிரிக்கு மேல். அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கும், அதைத் தட்டி எடுத்துவிட்டுத் தேய்ப்போம். இரணியல் பக்கம் ரயிலில் போகும்போது உங்கள் காலுக்குக் கீழே இருக்கிற பல இணைப்புகள் இப்படி ஒட்டினவை.

பரோட்டாத் தாள் ஏன் சும்மா இருந்தது என்று எனக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் அலுமினியம் அப்படி ஆடுகிறதே!

மணவாளக்குறிச்சி மணல்

தண்டவாளம் அண்ணன் சொன்னதும் ஞாபகம் வந்தது. நம்ம ஊர்க் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது, டைட்டானியமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். இங்கே மணலைப் பிரிக்க மட்டும்தான் செய்கிறார்கள். அதில் இருந்து உலோக டைட்டானியம் எடுப்பது தனி வேலை. முதலில் டைட்டானியம் டெட்ராகுளோரைடாக மாற்றி, பிறகு 800 டிகிரிக்கு மேல் உருகிய மக்னீசியத்தோடு சேர்ப்பார்கள். மக்னீசியம் குளோரினை எடுத்துக்கொள்ள, டைட்டானியம் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஆர்கான் வாயுவுக்குள் நடக்கும். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் கண்டுபிடித்த முறை. பக்கத்தில் கொல்லம் மாவட்டம் சவறையில் இந்த ஸ்பாஞ்ச் செய்கிற ஆலை இருக்கிறது.

டீச்சரின் பட்டியலில் மக்னீசியம் மேலே இருப்பதன் பலன் இது.

குளச்சல் போட் மெக்கானிக்

போட்டின் அடியில் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டை அடிப்போம். அது கரையும், இரும்பு நிற்கும். இதுவும் அதேதானா?

தக்கலை டீச்சர்

ஒரே குடும்பம் தம்பி, ஆனால் இடப்பெயர்ச்சி என்று சொல்ல முடியாது. அங்கே துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, அதைக் கடல் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் வாங்குகிறது. வேறு உலோகம் எதுவும் வெளியே வரவில்லை. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி செம்புத் தகடு போர்த்திய போர்க்கப்பல்களுக்கு இதே யோசனையைச் சொன்னார். செம்பு அரிக்காமல் நின்றது. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்ததால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்திருக்கிறது! கரைவதை நிறுத்தியதும் அவை அப்பிக்கொண்டு கப்பலின் வேகமே போய்விட்டது. கட்டைமேல் பெயின்ட் அடிக்காமல் இருக்கிறீர்கள்தானே?

குளச்சல் போட் மெக்கானிக்

அடிக்க மாட்டோம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுவோம்.

குலசேகரம் தோட்டத்துக்காரன்

டீச்சர், மகள் எழுதுகிறேன். உப்புப் போட்டேன்! புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு ஒரு கரண்டி. போட்டதும் நீலத் தண்ணீர் லேசாகப் பச்சையடித்தது. இரண்டு நிமிஷத்தில் தாளின் ஓரத்தில் குமிழி. அப்புறம் தாள் முழுக்கப் பழுப்புச் சிவப்பில் பஞ்சு மாதிரி வந்தது, தாளில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. டம்ளர் தொட முடியாத அளவுக்கு இல்லை, ஆனால் நன்றாகச் சூடாகிவிட்டது. அரை மணி நேரத்தில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, தாளும் இல்லை. அடியில் செம்பு மட்டும்.

நான் நினைப்பது: அலுமினியத்துக்கு மேலே ஏதோ ஒன்று மூடியிருந்தது. உப்பு அதை எடுத்துவிட்டது. சரியா?

தக்கலை டீச்சர்

சரி. நூற்றுக்கு நூறு சரி. காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் அலுமினியம் ஆக்சைடு மெல்லிய தோலாக மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தாமிர அயனியை உள்ளே விடாது. உப்பில் உள்ள குளோரைடு அயனி அந்தத் தோலை அங்கங்கே துளைத்துவிடும். துளை விழுந்த இடத்தில் உண்மையான அலுமினியம் வெளிப்பட்டது, நீ பார்த்தது நடந்தது. பச்சை வந்தது குளோரைடு தாமிர அயனியைச் சூழ்ந்ததால். குமிழி ஹைட்ரஜன். வரிசை என்ன நடக்கக் கூடும் என்று சொல்லும், எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லாது. தண்டவாளம் தம்பிக்கும் இதுதான் பதில்: உங்கள் மூசையின் வெப்பத்துக்கு முன் அந்தத் தோல் நிற்காது.

இப்போது அப்பாவுக்கு. போர்டோ கலவையே ஓர் இரட்டை இடப்பெயர்ச்சி வினை. காப்பர் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத தாமிர ஹைட்ராக்சைடு வகைச் சேர்மமும் கால்சியம் சல்பேட்டும் ஆகின்றன. இதில் எலக்ட்ரான் கைமாறுவதில்லை, அயனிகள்தான் துணை மாறுகின்றன. என் பழைய ஜோடி உவமை இதற்குத்தான் பொருந்தும். அந்த வான்நீல வீழ்படிவு இலையில் ஒட்டி நின்று பூஞ்சையைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் தாமிர அயனி சும்மா மிதக்கும், இலை கருகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பெரியவர்கள் பளபளவென்று தீட்டிய அரிவாளை ஒரு நிமிஷம் முக்கிப் பார்ப்பார்கள். சிவந்தால் தாமிரம் மிச்சம், சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அதாவது உங்கள் வாளியைக் கெடுத்த அதே வினைதான் உங்கள் மருந்தைச் சோதிக்கவும் உதவுகிறது.

மிச்சக் கலவையைக் குளத்திலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். மீனுக்குத் தாமிரம் விஷம்.

மார்த்தாண்டம் உரக்கடை

இனி "ஆகாது" என்பதோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம். நன்றி டீச்சர்.

குலசேகரம் தோட்டத்துக்காரன்

இன்று காலை மறுபடி கலந்தோம். புது பிளாஸ்டிக் டிரம். அரை கிலோ துருசு 25 லிட்டரில், அரை கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி 25 லிட்டரில். துருசுத் தண்ணீரை நான் மெல்ல ஊற்ற, மகள் சுண்ணாம்புப் பாலைக் கம்பால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அரிவாளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அவள்தான் முக்கினாள். முதல் தடவை முனையில் லேசாகச் செம்மை ஏறியது. எனக்குக் கண்ணில் படவில்லை, அவள்தான் வெயிலில் திருப்பிக் காட்டினாள். சுண்ணாம்புப் பால் இன்னும் இரண்டு மக்கு சேர்த்து, அரிவாளை மறுபடி தேய்த்து முக்கினோம். வெள்ளையாகவே வந்தது. பதினோரு மணிக்குள் கொடி முழுக்க அடித்துவிட்டோம், நாசில் ஒரு தடவை கூட அடைக்கவில்லை.

பழைய வாளியைத் தூக்கிப் போடப் போனேன். மகள் விடவில்லை. உள்ளே ஒட்டியிருந்த செம்பைச் சுரண்டி ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறாள். பள்ளிக்குக் கொண்டுபோகிறாளாம்.